பழைய காடி (கார்) வாங்கினீர்களா? ஸ்டியரிங்கைச் சோதிக்கும் முறை

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஓடிய காடி என்றால், ஸ்டியரிங் ரேக்கை (ஸ்டியரிங்கின் திருப்பலை முன்சக்கரங்களுக்குக் கடத்தும் பாகம்) குறை சொல்லும் முன் டயரைப் பாருங்கள். டயர் ஆறியிருக்கும்போது, ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியுள்ள அளவுக்குக் காற்றடியுங்கள். பிறகும் ஒரு பக்கம் இழுத்தால், முன்டயர் இரண்டையும் இடம் மாற்றிப் போடுங்கள் (சுழலும் திசை அம்புக்குறி உள்ள டயருக்கு இது ஆகாது). இழுப்பும் பக்கம் மாறினால் கோளாறு டயரில்தான். மாறவில்லையா? அலைன்மென்ட் (சக்கரங்களின் கோண அமைப்பு) சரியில்லை, அல்லது பிரேக் காலிப்பர் (பிரேக் பேடை அழுத்தும் பாகம்) இறுகிப்போயிருக்கிறது.

ஸ்டியரிங் தளர்ந்து ஆடினால், காடியின் முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி முன்சக்கரத்தை இடமும் வலமும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பெரும்பாலும் டை ராட் என்ட் (ஸ்டியரிங் கம்பியைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு) தேய்ந்திருக்கும். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆடினால் பால் ஜாயின்ட் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங் (சக்கரம் சுழல உதவும் பாகம்). மூட்டுகளின் ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதன் வழியே சேறு புகுந்துதான் கிரீஸ் கெட்டு மூட்டு தேய்கிறது. தேய்ந்ததை மாற்றிய பிறகே அலைன்மென்ட் செய்யுங்கள், முன்னதாகச் செய்தால் காசு வீண்.

80 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் மட்டும் ஸ்டியரிங் நடுங்கினால், சக்கரத்துக்குப் பேலன்சிங் (எடைச் சமன்) செய்யுங்கள்.

ஸ்டியரிங் கனத்தால், ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும்) வகையில் எண்ணெய் அளவைப் பாருங்கள். பெரோடுவா மைவி காடியில் மின்மோட்டார்தான், எண்ணெயே கிடையாது. பேட்டரியையும் எச்சரிக்கை விளக்கையும் கவனியுங்கள். திருப்பும்போது இடையில் சிக்கினால் ஓட்டாதீர்கள், இழுவை வண்டியை அழையுங்கள்.