சின்னப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ‘வாழும் அருங்காட்சியகம்’ ஒன்றுக்குப் போகிறீர்களா? பழைய வீடுகளைத் திறந்தவெளியில் நிறுத்தி, அந்தக் காலத்து உடையில் ஆட்கள் அந்தக் காலத்து வேலைகளைச் செய்துகாட்டும் இடம் அது.

முதல் தடவை போனபோது, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அங்கிருந்த பதினாறு வீடுகளையும் ஒன்று விடாமல் பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். ஐந்தாவது வீட்டு வாசற்படியில் சின்னவன் உட்கார்ந்துவிட்டான். நாலு வயது. தூக்கினாலும் அழுகை, இறக்கினாலும் அழுகை. அடுத்த முறை மூன்றே இடம் என்று முடிவு செய்தேன்: கொல்லன் பட்டறை, தறி, ஆடுமாடு. இப்போதும் அதுதான் என் கணக்கு.

பட்டறைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் சேர்ந்தால் குழந்தைக்கு முன்னால் நிற்பவர்களின் முதுகுதான் தெரியும். துருத்தி மூச்சு விடுவதையும், கரி கண் விழிப்பதையும், இரும்பு சிவப்பிலிருந்து ஆரஞ்சுக்குப் போவதையும் என் மகன் அரைமணி நேரம் அசையாமல் பார்த்தான். “வா, அடுத்ததைப் பார்க்கலாம்” என்று இழுக்காதீர்கள். ஒன்று மட்டும் சொல்லிக்கொடுங்கள்: சிவந்த இரும்பைக் கண்டால் குழந்தையே ஒதுங்கிவிடும், ஆபத்து கறுத்த இரும்பில்தான். நிறம் போன பிறகும் அது முந்நூறு டிகிரிக்கு மேல் இருக்கலாம்.

இந்த வகை அருங்காட்சியகத்துக்கு முன்னோடி ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்கான்சென். ஆர்த்தூர் ஹசேலியஸ் என்பவர் 1891-ல் திறந்தது. ஸ்வீடனின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மறுபடி எழுப்பினார்கள். பிறகு பல நாடுகளில் இதே வழியைப் பின்பற்றினார்கள். “இந்த வீடு ஊர் மாறி வந்திருக்கிறது” என்றதும் மூத்தவளுக்குக் கண் விரிந்தது. மரச்சட்டங்கள் சேரும் இடத்தில், எது எதோடு பொருந்தும் என்று தச்சர்கள் செதுக்கிய குறிகள் சில வீடுகளில் இன்னும் தெரியும். அவற்றைத் தேடச் சொல்லுங்கள். ஏழு வயதுக்கு அது புதையல் வேட்டை.

அப்புறம், பழைய உடையில் இருக்கும் ஆட்கள். இவர்களில் இரண்டு வகை. சிலர் நம் காலத்து ஆளாகவே நின்று விளக்குவார்கள். சிலர் அந்தக் காலத்து மனிதராகவே பேசுவார்கள், செல்போனைக் காட்டினால் “இது என்ன பெட்டி?” என்பார்கள். பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். என் மகனோ காதருகில் வந்து, “இவர் செத்துப்போனவரா?” என்று கேட்டான். அதனால் உள்ளே நுழையும் முன்பே, “இவர்கள் நாடகம் போடுகிறார்கள், சாயங்காலம் உடை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள்” என்று சொல்லிவிடுங்கள். பேச்சைத் தொடங்க ஒரு கேள்வியும் கொடுத்து அனுப்புங்கள். “இதை எப்படிச் செய்கிறீர்கள்?” என்று கேட்டால் கை வேலையை நிறுத்திவிட்டுச் சொல்வார்கள். சில சமயம் தறியின் மிதியை மிதிக்கவும் விடுவார்கள்.

ஆண்டுக்கணக்கைச் சின்னவர்களிடம் சொல்லிப் பயனில்லை. நாலு வயதுக்கு முந்தாநாளும் முந்நூறு வருடமும் ஒன்றுதான். “பாட்டியோட பாட்டி குழந்தையா இருந்தப்போ” என்று சொல்லிப் பாருங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

பழைய வீட்டுக்குள் ஜன்னல் சின்னது, உள்ளே இருட்டு. வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்று கண் பழகியதும் நுழையுங்கள். இல்லாவிட்டால் பயந்து காலைக் கட்டிக்கொள்வார்கள். தள்ளுவண்டியைக் கொண்டு போகாதீர்கள். சரளைக்கல் பாதையும் உயர வாசற்படியும் அதற்கு ஒத்துவராது. இடுப்பில் கட்டிக்கொள்ளும் தூளி போதும். கழிப்பறை பெரும்பாலும் நுழைவாயில் பக்கம்தான் இருக்கும், முதலில் அங்கே போய்விட்டு வாருங்கள். ஆட்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

கடைசியில் வரும் கடைக்கு, ஆளுக்கு ஒரே பொருள் என்று வீட்டிலேயே பேசி முடித்துவிடுங்கள். என் மகனுக்கு அதுவும் தேவைப்படவில்லை. கொல்லர் தான் அடித்த வளைந்த ஆணி ஒன்றை, ஆறவைத்து அவன் கையில் கொடுத்திருந்தார். உங்களுக்கும் அப்படி ஏதாவது கிடைத்தால் அன்று இரவே சட்டைப்பையிலிருந்து எடுத்துவிடுங்கள். வாஷிங் மெஷினுக்குள் அது போடுகிற சத்தம் பட்டறைக்குக் குறைந்ததில்லை.