பணம் தீர்வதற்குக் காரணம் பென்ஷன் அல்ல, வரி வரம்புதான்

ஓய்வுக்காலக் கணக்குப் போட ஒரு எக்செல் படிவத்தை இறக்கியிருந்தேன், எந்த எண்ணைப் போட்டாலும் 80 வயதுக்குள் பணம் தீர்ந்துவிடும் என்றே காட்டியது. அரசு பென்ஷன் குறைந்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயத்தில் அதைத்தான் முதலில் மாற்றிப் பார்த்தேன். பாதியாக்கினாலும் முழுசாகக் கொடுத்தாலும் ஓரிரு வருடம்தான் நகர்ந்தது. எதிர்கால வரி பற்றிய கணிப்புகளைத் தேடிப் படித்ததில் நாள் போனதுதான் மிச்சம்.

அப்புறம் வரிக்கான கட்டத்தை மட்டும் வருடம் வருடமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். செலவு ஆண்டுக்கு 5% ஏறுகிறது, அதாவது 25 வருடத்தில் சுமார் 3.4 மடங்கு, ஆனால் வரி வரம்புகள், அதாவது எவ்வளவு வருமானத்துக்கு எந்த விகிதம் என்ற எல்லைகள், இன்றைய தொகையிலேயே நிற்கின்றன! சாதாரண வீட்டுச் செலவுக்கு எடுக்கும் பணத்துக்குப் படிவம் உச்ச விகிதத்தில் வரி போட்டுக்கொண்டிருந்தது. அரசுகள் சில வருடம் வரம்பை ஏற்றாமல் வைப்பது உண்டுதான், அதைத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் இன்றைய பண மதிப்புக்கு மாற்றினேன். 8% வருமானம், 5% விலையேற்றம் என்றால் நிகரம் 3% இல்லை, 1.08-ஐ 1.05-ஆல் வகுத்தால் 1.0286, அதாவது 2.86%. நீண்ட காலத்துக்கு இந்தச் சின்ன வித்தியாசம் நன்றாகவே தெரியும். பென்ஷனுக்கு முழுசு, முக்கால், பாதி என்று மூன்று வரிசை, வரிக்கு இன்றைய விகிதமும் அதைவிட 5 சதவீதப் புள்ளி கூடியதும். சரி, இப்போது முக்கால் பென்ஷனும் கூடுதல் வரியும் சேர்ந்தாலும் 90 வயது வரை தாங்குகிறது, பாதியானால் மட்டும் இரண்டு வருடம் கூடுதலாக வேலை பார்க்க வேண்டும்.