பனையேறிக்கும் விலாங்குக்கும் ஐஸ் தேவையில்லை

கொள்ளிடக் கரையிலோ வாய்க்கால் மதகடியிலோ உயிருடன் வாங்கிய பனையேறிக் கெண்டையையும் விலாங்கையும் ஐஸ் இல்லாமலே, நனைத்த சணல் சாக்கில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவரலாம். பனையேறிக்குச் செவுளுக்கு மேலே காற்றைச் சுவாசிக்கும் தனி உறுப்பு இருப்பதால் அது நீருக்கு வெளியே சில மணி நேரம் தாங்கும். விளிம்புவரை நீர் நிரப்பி மூடிய குடத்தில்தான், மேலே வந்து காற்றை விழுங்க வழியின்றி, மூச்சுமுட்டிச் சாகும். விலாங்கோ ஈரத்தோல் வழியாகவே பிராணவாயுவை ஈர்க்கும். ஆகையால் அதன் வழுவழுப்பைச் சாம்பலிட்டுத் தேய்ப்பதை அறுக்கும் நேரத்துக்கு விட்டுவிட வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், பனையேறியின் செவுள்மூடி முள் அதைக் கிழித்துவிடும். சாக்கு காய்ந்துபோகும் சித்திரை வெயிலில் நெடுந்தூரம் செல்வோருக்கு இம்முறை உதவாது. கட்லா, ரோகு ஆகியவற்றுக்கும் ஏற்கெனவே செத்த மீனுக்கும் ஐஸ்தான் வேண்டும்.