கலர் பாத்து கூலன்ட் ஊத்தாதீங்க

செகண்ட் ஹேண்ட்ல வாங்குன டீசல் வண்டி, கொடைக்கானல் ஏத்தத்துல டெம்பரேச்சர் முள்ளு சிவப்புக்கிட்ட போயிடுச்சு. ஆறுனதும் கூலன்ட், அதாவது இன்ஜின் சூட்ட தணிக்கிற திரவம், இருக்குற ரிசர்வாயர் மூடிய தொறந்தா பழுப்பா கொழகொழன்னு கெடக்கு, முன்னாடி யாரோ ரெண்டு வகை கூலன்ட்ட கலந்துருக்காங்க, கூட போர் தண்ணி வேற. பச்சை, பிங்க்கெல்லாம் வெறும் சாயம்தாங்க, கம்பெனிக்கு கம்பெனி மாறும். மேனுவல்ல ஓஏடி (ஆர்கானிக் ஆசிட் சேத்த) வகைன்னு போட்ருந்துச்சு, அதையே தேடி வாங்கி, பழச எறக்கிட்டு தெளிவா வர்ற வரைக்கும் டிஸ்டில்டு வாட்டர்ல ஃப்ளஷ் பண்ணி, தண்ணி கலக்காத கூலன்ட் கான்சன்ட்ரேட்டும் டிஸ்டில்டு வாட்டரும் 50:50 ஊத்தி, ஹீட்டர ஃபுல்லா வச்சு உள்ள சிக்குன ஏர வெளிய எடுத்தேன். சரியாயிடுச்சு. எறக்குன பழசு இனிப்பா இருக்கும், நாய் பூனை நக்குனா செத்துடும், சாக்கடைல ஊத்தாம கேன்ல மூடி வைங்க.