சுகர் மாத்திரை, இன்சுலினோடு வெளிநாடு போகிறவர்களுக்கு

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டையை எடுத்துப் பின்பக்கம் பாருங்கள். நீங்கள் மெடிக்கலில் சொல்லிக் கேட்பது கம்பெனி வைத்த பெயர். மெட்ஃபார்மின் 500 மி.கி., கிளிமிபிரைடு 1 மி.கி. என்று அச்சாகியிருப்பதுதான் மருந்து. மன்னார்குடியில் பெயரைச் சொன்னதும் எடுத்துத் தரும் மாத்திரையை துபாயிலோ சிங்கப்பூரிலோ அதே பெயரில் கேட்டால் கடைக்காரருக்குத் தெரியாமல் போகலாம். மருந்தின் பெயரும் அளவும் சொன்னால் தெரியும். மெட்ஃபார்மின் மெதுவாகக் கரையும் வகையா, சாதாரண வகையா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே எஸ்.ஆர். என்று போட்டிருப்பது பல நாடுகளில் எக்ஸ்.ஆர். என்றிருக்கும்.

நம்மூரில் இரண்டு, மூன்று மருந்துகளை ஒரே மாத்திரையில் சேர்த்துத் தருவது சகஜம். அந்தச் சேர்க்கைகளில் பல வெளியே கிடைக்காது, தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும். டெனிலிகிளிப்டின், வோக்லிபோஸ் இரண்டும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் விற்பனையிலேயே இல்லை. இவை உங்கள் சீட்டில் இருந்தால், போகிற நாட்டில் கிடைக்கும் மருந்துக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். கிளம்புவதற்கு மூன்று மாதம் முன்பே மாற்றினால்தான், மூன்று மாதச் சராசரி சுகரைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையில் பலன் தெரியும். போய் இறங்கிய பிறகு, புது வேலை, புதுச் சாப்பாட்டுக்கு நடுவில் மருந்தையும் மாற்றுவது சிரமம்.

அடுத்தது டாக்டர் கடிதம். லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், மருந்தின் பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, ஊசியும் சிரிஞ்சும் உடன் கொண்டுபோக வேண்டிய அவசியம், கையெழுத்து, பதிவு எண், முத்திரை எல்லாம் இருக்க வேண்டும். இதில் அதிகம் இடிப்பது இனிஷியல். சீட்டில் ‘செ. முருகன்’, பாஸ்போர்ட்டில் ‘முருகன் செல்வராஜ்’ என்றிருந்தால் இரண்டும் ஒரே ஆள் என்பது வெளிநாட்டு அதிகாரிக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதி வாங்குங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வாங்குகிறவர்களிடம் கடை பில் இருக்காது. அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் தரும் கடிதம்தான் ஆதாரம், மறக்காமல் கேட்டு வாங்க வேண்டும்.

கால் எரிச்சலுக்கும் மதமதப்புக்கும் தரும் பிரிகாபலினில் மிகவும் கவனம் தேவை. இங்கே சுகர் மாத்திரையோடு சேர்த்துச் சாதாரணமாக எழுதித் தருகிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலும் சவூதியிலும் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. பிரிட்டனிலும் 2019 முதல் அப்படித்தான். வலிக்குத் தரும் டிரமடாலும் இதே ரகம். அமீரகத்துக்குப் போகிறவர்கள் சுகாதார அமைச்சகத்தின் இணையதளத்தில் முன் அனுமதி வாங்க வேண்டும், அல்லது வேறு மருந்துக்கு மாற வேண்டும். மெத்தில்கோபாலமினோடு (வைட்டமின் பி12 வகை) சேர்ந்த கேப்சூலிலும் பிரிகாபலின் ஒளிந்திருக்கும் என்பதால் அட்டையை முழுதாகப் படியுங்கள். சாதாரண சுகர் மருந்தைச் சிங்கப்பூருக்குச் சொந்த உபயோகத்துக்கென்று மூன்று மாத அளவு வரை கொண்டுபோகலாம்.

இன்சுலின் போடுகிறவர்கள் இந்தப் பத்தியை இரண்டு முறை படியுங்கள். அரசு மருத்துவமனையில் தரும் குப்பி பெரும்பாலும் ஒரு மில்லியில் 40 யூனிட். அதற்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் வாங்கும் குப்பி ஒரு மில்லியில் 100 யூனிட், அதற்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்சு. ஊரிலிருந்து கொண்டுபோன சிவப்பு மூடி சிரிஞ்சில் அங்கே வாங்கிய இன்சுலினை 20 கோடு வரை இழுத்தால் உடம்பில் ஏறுவது 50 யூனிட். தனியறையில் தூங்கப் போகிறவருக்கு உயிருக்கே ஆபத்து. மாறாக, நம்மூர்க் குப்பியை ஆரஞ்சு சிரிஞ்சில் 20 இழுத்தால் 8 யூனிட்தான் ஏறும், சுகர் இறங்காது. குப்பியும் சிரிஞ்சும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். முடிந்தால் கிளம்பும் முன்பே இன்சுலின் பேனாவுக்கு மாறிவிடுங்கள். ஆனால் ஒரு கம்பெனி பேனாவில் இன்னொரு கம்பெனி கார்ட்ரிட்ஜ் (பேனாவுக்குள் போடும் இன்சுலின் குப்பி) பொருந்தாது. அங்கே எந்தக் கம்பெனியுடையது கிடைக்கும் என்று விசாரித்துவிட்டுப் பேனா வாங்குங்கள்.

திருச்சியில் விமானம் ஏறும்போது மருந்து முழுவதும் கைப்பையில் இருக்கட்டும். கீழே போடும் பெட்டியில் இன்சுலின் உறைந்துபோகலாம். உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. ஐஸ் கட்டியோடு ஒட்டவைத்தாலும் இதே கதி, நடுவில் துணி சுற்ற வேண்டும். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ப்பை, ஈரம் காய்ந்தால்தான் குளிரும். ரியாத் போன்ற வறண்ட ஊரில் நன்றாக உதவும், புழுக்கமான சிங்கப்பூரில் அவ்வளவாக உதவாது.

திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 டிகிரி. திறந்ததை, பெரும்பாலான வகைகளில், 30 டிகிரிக்குள் நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம். உங்கள் பெட்டியில் உள்ள தாளில் எத்தனை நாள் என்று பார்த்து, திறந்த தேதியைக் குப்பியில் எழுதுங்கள். பலர் சேர்ந்து இருக்கும் அறையில் பொது ஃப்ரிட்ஜ் என்றால், மூடியுள்ள டப்பாவில் பெயர் எழுதி, ஃப்ரீசரை ஒட்டாமல் கீழ்த்தட்டில் வையுங்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் ஒரு மணி நேரம்கூட விட்டுவைக்க வேண்டாம்.

சுகர் பார்க்கும் மீட்டரும் ஸ்ட்ரிப்பும் ஜோடி. ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு மீட்டரில் ஏறாது. அங்கே போய், ஸ்ட்ரிப் சுலபமாகக் கிடைக்கும் மீட்டரை வாங்குவது மேல். சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன் மீட்டர்கள் மில்லிமோலில் காட்டும். அதை 18-ஆல் பெருக்கினால் நம் மில்லிகிராம் கணக்கு வரும்: 7 என்றால் 126, 10 என்றால் 180. அந்த மீட்டரில் 3.9-க்குக் கீழே (நம் கணக்கில் 70) போனால் தாழ்சர்க்கரை, உடனே 15 கிராம் குளுக்கோஸ் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

ஊரிலிருந்து வருகிறவரிடம் மருந்து கொடுத்தனுப்பச் சொல்வது நம்மிடம் இருக்கும் பழக்கம். அவர் பெயரில் சீட்டு இல்லாததால் விமான நிலையத்தில் மாட்டுவது அவர்தான். இன்சுலின் அனுப்பினால் வழியில் கெட்டும் போகும். ஒரு மாத மருந்து மிச்சம் இருக்கும்போதே அங்கே ஒரு கிளினிக்கில் பதிவு செய்து, ஊர்க் கடிதத்தைக் காட்டிப் புதுச் சீட்டு வாங்குங்கள். கம்பெனி தரும் காப்பீடு மாதாந்திர மருந்துக்கும் பொருந்துமா, மருத்துவமனையில் படுத்தால் மட்டும்தானா என்று வேலைக்குச் சேரும்போதே கேளுங்கள். ஏற்கனவே சுகர் இருப்பதைக் காப்பீட்டுப் படிவத்தில் மறைத்தால், பிறகு பணம் தர மறுக்க அதுவே காரணமாகிவிடும்.