வாடகைக்கு விட வீடு வாங்குவோர் தடுக்கி விழும் இடங்கள்

கோலாலம்பூரில் வாடகைக்கு விடுவதற்காக முதல் கொண்டோ வாங்குபவர் பெரும்பாலும் ஒரே ஒரு கணக்குதான் போடுகிறார்: மாதத் தவணை 2,000 வெள்ளி (ரிங்கிட்), வாடகை 2,000 வெள்ளி, வீடு தன் கடனைத் தானே கட்டிக்கொள்ளும். ஏஜெண்டும் அதையேதான் சொல்வார். அந்தக் கணக்கில் விடுபட்டவை எல்லாம் பிறகு மாதச் சம்பளத்தில் கை வைக்கும்.

செராஸிலோ செந்தூலிலோ 1,000 சதுர அடி, விலை 500,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். 90 சதவீதக் கடன் என்றால் 450,000. 4 சதவீத வட்டி, 35 ஆண்டு. தவணை சுமார் 1,992 வெள்ளி. முதல் தவணையில் 1,500 வெள்ளி வட்டிக்கே போய்விடும், அசலில் கழிவது 492தான்.

வாடகை 2,000 வருகிறது. பராமரிப்புக் கட்டணம் சதுர அடிக்கு 35 காசு என்றால் 350. அதன் மேல் பெரிய பழுதுகளுக்குச் சேர்த்து வைக்கும் சிங்கிங் ஃபண்ட் 10 சதவீதம், 35. நகராண்மைக்கான மதிப்பீட்டு வரியும் நிலத்துக்கான பார்சல் வரியும் சேர்த்து மாதத்துக்கு 60 என்று ஒதுக்குங்கள். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும், அது மாதத்துக்கு 167. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஏஜெண்டு கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை, இன்னொரு 167. ஏர்கான் சர்வீஸ், வாட்டர் ஹீட்டர், குழாய், பெயிண்ட் என்று 100. கடைசியில் மிஞ்சுவது 1,121. தவணையைக் கட்ட மாதா மாதம் 871 வெள்ளி கையிலிருந்து போட வேண்டும். விளம்பரத்தில் 4.8 சதவீதம் என்று தெரியும் வருமானம், செலவு போக 2.7 சதவீதம், கடனுக்கு நீங்கள் கொடுப்பதோ 4. விலை ஏறும் என்று நம்பி வாங்குகிறீர்கள் என்றால் அது உங்கள் விருப்பம். ஆனால் அதை வாடகை வருமானம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

வட்டியும் நிலையாக நிற்காது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதமான ஓபிஆர் 2020 ஜூலையில் 1.75 சதவீதமாக இருந்தது. 2023 மே மாதத்தில் 3 சதவீதம் ஆனது. மேலே சொன்ன கடனுக்கு வட்டி 4லிருந்து 5 ஆனால் தவணை 2,271 ஆகிவிடும். அந்தத் தொகையையும் தாங்க முடியுமா என்று பார்த்த பிறகு வீட்டைப் பார்க்கப் போகலாம்.

முன்பணம் கொடுத்த பிறகு வங்கிக்குப் போவது

வரிசை தலைகீழாகப் போவதுதான் இரண்டாவது தவறு. வீடு பிடித்துவிட்டது, வேறொருவர் பார்க்கிறார் என்றதும் 2 அல்லது 3 சதவீதம் கொடுத்துப் பதிவு செய்கிறார்கள். அதன் பிறகே கடன் கிடைக்குமா என்று விசாரிக்கிறார்கள். முதலில் உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் பேங்க் நெகாராவின் சிசிரிஸ் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். கடந்த 12 மாதத் தவணைகள் அதில் வரிசையாகத் தெரியும். கார் கடன், கிரெடிட் கார்டு, தனிநபர் கடன், பிடிபிடிஎன் கல்விக் கடன் எல்லாம் சேர்ந்துதான் வங்கி பார்க்கும் டிஎஸ்ஆர், அதாவது வருமானத்தில் கடன் தவணைகளின் விகிதம், அமைகிறது. மாத வருமானத்தில் எத்தனை சதவீதம் கடனுக்குப் போகலாம் என்பதில் வங்கிக்கு வங்கி வரம்பு மாறும். வரப்போகும் வாடகையைக் காட்டி வருமானத்தைக் கூட்டிவிடலாம் என்று நினைக்க வேண்டாம். முத்திரை வரி கட்டிய ஒப்பந்தம் இருந்தாலும் பல வங்கிகள் அதில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும்.

2010 நவம்பர் முதல், மூன்றாவது வீட்டுக் கடனுக்கு 70 சதவீதம்தான் உச்சவரம்பு. அண்ணன், தம்பி, அம்மா என்று யாருக்காவது உதவப் பெயர் போட்டுக் கொடுத்த வீட்டுக் கடனும் உங்கள் கணக்கில்தான் ஏறும். நம் குடும்பங்களில் இது அடிக்கடி நடக்கிறது. தனக்கென்று வாங்கப் போகும்போதுதான் பலருக்கு உறைக்கிறது.

இன்னொரு பள்ளம், மதிப்பீடு. விற்பனை விலை, மதிப்பீட்டாளர் சொல்லும் மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதற்குத்தான் வங்கி கடன் தரும். விலை 500,000, மதிப்பு 450,000 என்றால் கடன் 405,000. நீங்கள் தயார் செய்தது 50,000, தேவைப்படுவது 95,000. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டு மூன்று வங்கி அதிகாரிகளிடம் கட்டடத்தின் பெயர், மாடி, பரப்பளவு கொடுத்தால் உத்தேச மதிப்பைக் கேட்டுச் சொல்வார்கள். கடன் கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வரும் என்ற வரி பதிவுப் படிவத்தில் இருக்கட்டும். பணத்தை ஏஜென்சியின் வாடிக்கையாளர் கணக்கில் போடுங்கள், ஏஜெண்டின் சொந்தக் கணக்கில் அல்ல.

10 சதவீதம் கையில் இருந்தால் போதும் என்பதும் தப்புக் கணக்கு. அதே 500,000 வெள்ளி வீட்டுக்குப் பெயர் மாற்ற முத்திரை வரி 9,000, கடன் ஒப்பந்த முத்திரை வரி 2,250, வாங்கல் ஒப்பந்தத்துக்கு வழக்கறிஞர் கட்டணம் 6,250, கடன் ஒப்பந்தத்துக்கு 5,625, இவற்றுக்கு 8 சதவீத சேவை வரி 950. மொத்தம் 24,075. மதிப்பீட்டுக் கட்டணமும் சில்லறைச் செலவுகளும் தனி. கட்டில், ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் போட்டால்தான் வாடகைக்குப் போகும் என்ற பகுதியென்றால் அதுவும் தனி. முதல் வீட்டுக்குக் கிடைக்கும் முத்திரை வரிச் சலுகையை இரண்டாவது வீட்டில் எதிர்பார்க்க வேண்டாம்.

முன்பணமே தேவையில்லை, மேலே கையில் ரொக்கமும் வரும் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் விலையை ஏற்றிக் காட்டித்தான் அந்தப் பணம் வருகிறது. வங்கிக்குப் பொய் விலை காட்டும் தாளில் கையெழுத்து உங்களுடையது. விற்கும்போது அந்த ஏற்றிய விலைக்கு ஆள் கிடைக்காது.

வீட்டைப் பார்த்து, கட்டடத்தைப் பார்க்காமல் விடுவது

பகலில் ஒரு முறை போய் சமையலறை டைல்ஸைப் பார்த்துவிட்டு வருவது போதாது. வேலை நாள் ஒன்றில் இரவு எட்டரை மணிக்குக் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள். பாதி ஜன்னல்களில் விளக்கு இல்லையென்றால் வாடகைக்கு ஆள் தேடும் உரிமையாளர்கள் நிறைய. லிஃப்ட் அருகில் அறிவிப்புப் பலகை இருக்கும். பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்த வீடுகளின் பட்டியலைச் சில கட்டடங்களில் அதில் ஒட்டியிருப்பார்கள். பட்டியல் நீளமாக இருந்தால் லிஃப்ட் பழுதானால் சரிசெய்ய நிர்வாகத்திடம் பணம் இருக்காது. செக்யூரிட்டி கார்டிடம் பேச்சுக் கொடுங்கள், தண்ணீர் எத்தனை முறை நின்றது என்று ஏஜெண்டைவிட அவர் சரியாகச் சொல்வார். ஜேஎம்பி அல்லது எம்சி எனப்படும் கட்டட நிர்வாக அமைப்பின் அலுவலகத்தில், நீங்கள் வாங்கும் வீட்டின் பாக்கித் தொகையை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்.

குளியலறைக் கூரையில் மஞ்சள் கறை இருக்கிறதா? புதிதாக அங்கு மட்டும் பெயிண்ட் அடித்திருக்கிறதா? மேல்வீட்டுக் கசிவு என்றால், புகார் கிடைத்த 7 நாளுக்குள் நிர்வாகம் வந்து பார்க்க வேண்டும் என்று 2015 ஸ்ட்ராட்டா (அடுக்குமாடி) விதிமுறை சொல்கிறது. மேல்வீட்டிலிருந்துதான் கசிகிறது என்றே தொடக்கத்தில் கொள்ளவும் வேண்டும். சட்டம் உங்கள் பக்கம்தான்; ஆனால் மேல்வீட்டு உரிமையாளர் வெளிநாட்டில் இருந்தால், கசிவு சரியாகும் வரை வாடகைக்கு வந்தவர் காத்திருக்க மாட்டார்.

வணிக நிலத்தில் கட்டிய சர்வீஸ் அப்பார்ட்மெண்ட் என்றால் மதிப்பீட்டு வரி, தண்ணீர் கட்டணம் எந்த விகிதத்தில் வருகிறது என்று பழைய பில்லைக் கேளுங்கள். குத்தகை நிலமென்றால் மிச்சம் எத்தனை ஆண்டு என்பதை உரிமைப் பத்திரத்தில் பாருங்கள். ஆண்டு குறையக் குறைய கடனும் குறையும், பெயர் மாற்ற நில அதிகாரிகளின் அனுமதிக்கும் மாதங்கள் ஆகும்.

ஏர்பிஎன்பி போட்டு இரட்டிப்பாக எடுத்துவிடலாம் என்ற கணக்கும் இப்போது எடுபடாது. குறுகிய கால வாடகையை நிர்வாகம் துணைவிதி போட்டுத் தடுக்கலாம் என்று மோன்ட் கியாரா கட்டடம் ஒன்றின் வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. அந்தக் கட்டடத்தின் துணைவிதியைப் படிக்காமல் வாங்காதீர்கள்.

லெலோங்கில், அதாவது ஏலத்தில், வரும் வீடு மலிவு என்று தோன்றும். 10 சதவீதத்துக்கு வங்கி டிராஃப்ட் கொடுத்து எடுத்தபின் மீதியைக் கட்ட 90 அல்லது 120 நாள்தான். கடன் தாமதமானால் அந்த 10 சதவீதம் போயே போச்சு. உள்ளே இருப்பவரை வெளியேற்றுவதும் உங்கள் வேலை. முதல் வீட்டுக்கு இது வேண்டாம் என்பதுதான் எங்கள் கருத்து.

சாவி கொடுத்த பிறகு

இரண்டு மாத வாடகை டெபாசிட், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், ஒரு மாத முன்வாடகை, இதுதான் வழக்கம். தெரிந்த பிள்ளைதானே என்று டெபாசிட்டைத் தவணையில் வாங்க ஒப்புக்கொண்டால், முதல் நாளே வாடகைத் தேதி தள்ளிப்போகப் பழகிவிடும். டிஎன்பி மின்சாரக் கணக்கை வாடகைக்கு வந்தவர் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். சாவி, அக்சஸ் கார்டு எண்ணிக்கை, மீட்டர் எண், ஒவ்வோர் அறையின் படம், எல்லாவற்றிலும் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒப்பந்தத்துக்கு 30 நாளுக்குள் முத்திரை வரி கட்டாவிட்டால் அபராதம் வரும். முத்திரை இல்லாத தாளை நீதிமன்றம் ஆதாரமாக ஏற்காது.

வாடகை வரவில்லை என்று பூட்டை மாற்றுவது, கரண்டை வெட்டுவது எல்லாம் சட்டப்படி உங்களுக்கே எதிராகத் திரும்பும். 1950 ஆம் ஆண்டுத் தனிநிவாரணச் சட்டத்தின் 7(2) பிரிவுப்படி, நீதிமன்ற உத்தரவு இல்லாமல் வெளியேற்ற முடியாது. ஒப்பந்தம் முடிந்தும் போகாதவரிடம் இரட்டிப்பு வாடகை கேட்க 1956 சிவில் சட்டத்தில் இடமுண்டு. பாக்கிக்கு அவர் பொருள்களைக் கைப்பற்ற 1951 டிஸ்ட்ரெஸ் சட்டம் இருக்கிறது, அதுவும் நீதிமன்றம் வழியாகத்தான்.

வாடகை வருமானத்தை வரிப் படிவத்தில் காட்ட வேண்டும். கடன் வட்டி, மதிப்பீட்டு வரி, பராமரிப்புக் கட்டணம், ரிப்பேர் ஆகியவற்றைக் கழிக்கலாம். அசலைக் கழிக்க முடியாது. முதல் வாடகைக்காரரைப் பிடிக்கக் கொடுத்த கமிஷனையும் ஒப்பந்தச் செலவையும் கழிக்க விடமாட்டார்கள். அதே ஆள் புதுப்பிக்கும்போது ஆகும் செலவைக் கழிக்கலாம். அவசரப்பட்டு விற்றால் முதல் மூன்று ஆண்டுக்குள் லாபத்தில் 30 சதவீதம் ஆதாய வரி, நான்காம் ஆண்டில் 20, ஐந்தாம் ஆண்டில் 15. குடிமக்களுக்கு ஆறாம் ஆண்டிலிருந்து வரி இல்லை. கடனை முன்கூட்டியே அடைக்கக் கூடாத லாக்-இன் காலம் இருந்தால் வங்கி அபராதமும் சேரும்; விற்கும் தேதியை முடிவு செய்யும் முன் வாங்கல் ஒப்பந்தம், கடன் ஒப்பந்தம் இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.