பழைய அம்பாசடரில் ஒயரிங் கோளாறா? பேட்டரியை மாற்றும் முன் எர்த்தைப் பாருங்கள்

பழைய அம்பாசடரில் ஹெட்லைட் மங்கினால் முதலில் பேட்டரியை மாற்றுகிறார்கள். அதில் தீராவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோ, அப்புறம் டைனமோவைப் பேட்டரியோடு இணைத்தும் துண்டித்தும் விடும் கட்-அவுட். மூன்றுக்கும் செலவழித்த பிறகும் விளக்கு அதே மங்கலில்தான் எரியும். இவ்வளவு வயதான வண்டியில் பாகங்களை விட அதிகம் கெடுவது அவற்றை இணைக்கும் முனைகளும், மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் எர்த்து வழியும். அளக்காமல் பாகத்தை மாற்றுவதுதான் நான் முதலில் எதிர்க்கும் தவறு.

இந்த வண்டிகளில் விளக்குக்கு ஒயர் வழியாகப் போகும் கரண்ட், பாடியின் தகரம் வழியாகத் திரும்புகிறது. விளக்குக் கூட்டுக்கும் தகரத்துக்கும் இடையே துரு ஏறினால் வழி அடைபடும். துருவை விட மோசமானது புது பெயின்ட். ஆசையோடு புதுப்பித்து, பளபளவென்று வெளியே வரும் வண்டிகளில் முன்பு இல்லாத தொல்லைகள் தலைகாட்டுவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். எர்த்து ஸ்க்ரூவின் அடியிலும் பெயின்ட் அடித்திருப்பார்கள். இண்டிகேட்டர் போட்டால் பின் விளக்கும் சேர்ந்து சிமிட்டுகிறதா? பிரேக் மிதித்தால் பின் விளக்கு மங்குகிறதா? இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் ஃபிளாஷரைத் தொடாதீர்கள். எர்த்து கிடைக்காத கரண்ட் பக்கத்து பல்பு வழியாகத் திரும்பப் பார்க்கிறது, அவ்வளவுதான். ஸ்க்ரூவைக் கழற்றி, தகரம் மின்னும் வரை எமரி தேய்த்து, இறுக்கி, மேலே வாஸ்லைன் தடவுங்கள்.

எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே உள்ள எர்த்துப் பட்டை இன்னும் முக்கியம். எஞ்சின் உட்கார்ந்திருப்பது ரப்பர் மவுண்டிங்கில். எஞ்சின் வேலை முடிந்து அந்தப் பட்டையை மாட்ட மறந்தால், ஸ்டார்ட்டர் இழுக்கும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆம்பியர், டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். கேபிள் சூடாகிப் புகையும். சோக் கேபிள் அடிக்கடி கருகுகிறது என்று கேபிளை மட்டும் மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் இருக்கிறார்கள். பட்டையைத் தேடுங்கள்.

அடுத்து, மீட்டர் காட்டும் 12 வோல்ட்டை அப்படியே நம்புவது. பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால், ஒயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும் 12 காட்டும். மீட்டர் இழுக்கும் கரண்ட் அத்தனை குறைவு. அதே ஒயரால் ஒரு ஹெட்லைட்டை எரிக்க முடியாது. ஆகவே விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த்து முனையிலும் மற்றதை விளக்கின் எர்த்திலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. ஒரு வோல்ட் காட்டினால் கோளாறு அந்தப் பாதையில்தான். பிறகு பேட்டரியின் மறுமுனையிலிருந்து பல்பின் முனை வரை அதேபோல அளங்கள். அரை வோல்ட்டைத் தாண்டினால் ஸ்விட்ச், முனை, ஃபியூஸ் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வரலாம். வோல்ட்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் சுமார் 30 சதவீதம் போய்விடும் என்பதால் இந்தச் சிறு எண்களை அலட்சியம் செய்யாதீர்கள்.

எது எர்த்து என்பதையும் ஊகிக்கக் கூடாது. அம்பாசடரின் மூலமான மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு போன்ற அந்தக் கால பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பிளஸ்தான் பாடிக்குப் போகும். மாற்றி இணைத்தால், டைனமோவுக்குப் பதிலாகப் பின்னாளில் பொருத்திய ஆல்டர்னேட்டரின் டயோடுகள் அந்த நொடியே போய்விடும்.

ஃபியூஸ் போனால் சில்வர் காகிதம் சுற்றுவது பற்றி எனக்குக் கோபமே வரும். அது தீ விபத்துக்கான ஏற்பாடு. இன்னொரு நுட்பமான தவறும் உண்டு. பிரிட்டிஷ் மின்பாக நிறுவனமான லூக்காஸின் கண்ணாடி ஃபியூஸில் 35 என்று இருந்தால், அது 35 ஆம்பியரில் எரியும் என்று பொருள். தொடர்ந்து தாங்குவது 17 மட்டுமே. இன்றைய ஃபியூஸ்களில் எழுதியிருப்பது தாங்கும் அளவு. ஆகவே எண்ணைப் பார்த்து இன்றைய 35-ஐப் போட்டால் ஃபியூஸுக்கு முன் ஒயர் எரியும். ஷார்ட்டைத் தேட ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போட வேண்டியதில்லை. ஃபியூஸ் இடத்தில் ஒரு 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் முழு வெளிச்சத்தில் எரியும். அந்த ஃபியூஸில் ஓடும் மற்றவற்றை அணைத்துவிட்டு, ஒயர்களை ஒவ்வொன்றாக அசைத்தும் கழற்றியும் பாருங்கள். எதைத் தொட்டதும் பல்பு அணைகிறதோ அங்கேதான் ஷார்ட்.

லூக்காஸ் ஒயரிங்கில் பிரவுன் என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது, வெள்ளை இக்னிஷன், பச்சை இக்னிஷனுக்குப் பின் ஃபியூஸ் வழியாக வருவது, நீலம் ஹெட்லைட், சிவப்பு பார்க்கிங் மற்றும் பின் விளக்கு, கறுப்பு எர்த்து. ஃபியட் வழி வந்த பத்மினிக்கு இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது. தூசியிலும் சூட்டிலும் நிறம் மங்கியிருக்கும். டேப்பைச் சற்றுப் பிரித்து உள்ளே பார்த்தால் அசல் நிறம் தெரியும். பிரவுன் ஒயருக்கு அந்தக் கால ஒயரிங்கில் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. பேட்டரியின் எர்த்து முனையைக் கழற்றாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் கை விடாதீர்கள்.

பழுதான இடத்தில் வீட்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றுவதும் வேண்டாம். வண்டி அதிரும், தடித்த இழைகள் முறியும், எஞ்சின் சூட்டில் டேப்பின் பசை உருகி ஒழுகும். மெல்லிய இழைகள் நிறைந்த ஆட்டோ ஒயரும் ஒயர் முனையில் சரியாக அழுத்திக் கிரிம்ப் செய்த உலோக லக்கும் போதும்.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 பல்பு (பிரைட்டில் 100 வாட், டிம்மில் 90) மாட்டுகிறவர்கள், சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்சான ரிலே போடாமல் மாட்டுகிறார்கள். இரண்டு பல்பும் பிரைட்டில் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அத்தனையும் பழைய ஸ்விட்ச் வழியாகவே போகும். ரிலேவும், பேட்டரியிலிருந்து ஃபியூஸோடு ஒரு தடித்த ஒயரும் போட்டால், பழைய பல்பே நன்றாக எரியும். டைனமோ உள்ள வண்டிக்கு 100/90 கூடவே கூடாது. அதன் முழு வேகத்திலும் கிடைப்பது ஏறக்குறைய 20 ஆம்பியர்தான். ஐட்லிங்கில் அது சார்ஜ் செய்யாது, சிவப்பு விளக்கு மினுக்கும். அது அதன் இயல்பு. ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் விளக்கு அணைந்துவிட்டால் டைனமோவில் கை வைக்காதீர்கள்.